அம்மாவின் மிச்ச 23 தங்கைக்குப் போகுமா? மியாசிஸ் பற்றி ஒரு மாணவி கேட்ட கேள்வி

உயிரியல்டீச்சர்
செவ்வாய், இரவு 9:10

பிளஸ் டூ தமிழ் வழி வகுப்பு எடுக்கிறேன். இன்று மியாசிஸ் பாடத்தை முடித்தேன். முட்டையும் விந்தணுவும் உருவாகும்போது நடக்கும் செல் பிரிவு அது. "46 குரோமோசோம் பாதியாகி 23 ஆகும். அம்மாவிடமிருந்து 23, அப்பாவிடமிருந்து 23, சேர்ந்தால் மறுபடியும் 46" என்று பலகையில் எழுதிவிட்டு, சந்தேகம் உண்டா என்று கேட்டேன். மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள்.

"மிஸ், அம்மாவோட 46-ல 23 எனக்கு வந்துடுச்சு. அப்போ மிச்சம் இருந்த 23தானே என் தங்கச்சிக்குப் போயிருக்கும்? அப்படின்னா அம்மா வழியில எனக்கும் அவளுக்கும் ஒண்ணுகூட பொதுவா இருக்காதே. ஆனா எங்க ரெண்டு பேருக்கும் மூக்கு ஒரே மாதிரி இருக்கே மிஸ்?"

வகுப்பில் சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் சொன்ன வார்த்தையை அப்படியே நம்பி, அது எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று கடைசிவரை யோசித்திருக்கிறாள். பாடமும் "பாதியாகும்" என்பதைத்தான் அழுத்திச் சொல்கிறது. எந்தப் பாதி என்பது லெப்டோட்டீன், சைகோட்டீன், பாக்கிட்டீன், டிப்ளோட்டீன், டயாகைனசிஸ் என்ற ஐந்து நிலைகளின் பெயர்களுக்குள் புதைந்து கிடக்கிறது. அந்த ஐந்தையும் வரிசை மாறாமல் ஒப்பிக்கிற பிள்ளைகளுக்கு, அந்த நேரத்தில் செல்லுக்குள் என்ன நடக்கிறது என்பது கண்ணுக்குத் தெரிவதில்லை.

வெள்ளிக்கிழமை அதே வகுப்பு இருக்கிறது. அவளுக்கு முழுதாகப் பதில் சொல்ல வேண்டும். நீங்கள் என்றால் எப்படிச் சொல்வீர்கள்?


கணக்கன்
செவ்வாய், இரவு 9:52

டீச்சர், அந்தப் பெண் இரண்டு இடத்தில் தவறியிருக்கிறாள். இரண்டையும் தனித்தனியாக எடுத்துச் சொன்னால் போதும்.

முதலாவது, அம்மாவிடம் ஒரே ஒரு 46தான் இருக்கிறது, அதை அக்கா தங்கை இருவரும் பங்கு போட்டுக்கொண்டார்கள் என்று நினைக்கிறாள். சொத்துப் பாகப்பிரிவினை மாதிரி. ஆனால் கருமுட்டை ஆகப்போகிற ஒவ்வொரு செல்லிலும் அந்த 46 முழுதாக இருக்கிறது. அக்காவுக்கான முட்டை ஒரு செல்லிலிருந்து வந்தது, தங்கைக்கான முட்டை வேறொரு செல்லிலிருந்து வந்தது. இரண்டாவது செல்லுக்கு முதல் செல் என்ன எடுத்தது என்று தெரியவே தெரியாது. அது புதிதாக, தன் 46-ஐ வைத்துக்கொண்டு தானே பிரிக்கிறது.

இரண்டாவது, எந்த 23 வேண்டுமானாலும் வரலாம் என்று நினைக்கிறாள். 46 என்பது 23 ஜோடி. ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று அவள் அம்மாவுக்கு அவருடைய அப்பாவிடமிருந்து வந்தது, மற்றது அவருடைய அம்மாவிடமிருந்து வந்தது. முட்டைக்குள் போவது ஜோடிக்கு ஒன்று. 1-ஆம் ஜோடியில் தாத்தாவுடையது போனாலும் 2-ஆம் ஜோடியில் பாட்டியுடையது போகலாம். ஒரு ஜோடி எந்தப் பக்கம் திரும்புகிறது என்பது அடுத்த ஜோடியைக் கட்டுப்படுத்தாது.

23 முறை பூவா தலையா போட்டால் எத்தனை விதமாக விழும்? 2-ஐ 23 தடவை பெருக்குங்கள்: 83,88,608. அம்மா பக்கம் இவ்வளவு, அப்பா பக்கமும் இவ்வளவு. இரண்டையும் பெருக்கினால் 70 லட்சம் கோடிக்கும் மேல். ஒரே தம்பதிக்கு இத்தனை விதமான குழந்தைகள் பிறக்க வாய்ப்பு உண்டு. 7,03,68,74,41,77,664 என்ற இந்த எண்ணை, வலமிருந்து மூன்று, பிறகு இரண்டிரண்டாகக் காற்புள்ளி வைத்துப் பலகையில் பிள்ளைகளையே முழுதாக எழுதச் சொல்லுங்கள்.


நிறமூர்த்தம்
செவ்வாய், இரவு 10:31

வணக்கம் ரீச்சர். நான் யாழ்ப்பாணத்தில உயர்தரப் பிள்ளைகளுக்கு உயிரியல் படிப்பிக்கிறன். எங்கட பக்கம் மியாசிஸை ஒடுக்கற்பிரிவு எண்டு சொல்லுவம், குரோமோசோம் நிறமூர்த்தம், செல் கலம், இனச்செல் புணரி. பேர்தான் வேற, பிள்ளையள் தடக்குப்படுற இடம் ரெண்டு பக்கமும் ஒண்டுதான்.

கணக்கன் சொன்னது சரி. ஆனா அந்தக் கணக்கு ஒரு விசயத்தை விட்டிட்டுது. தாத்தாவின்ர 1-ஆம் நிறமூர்த்தம் முழுசா, அல்லது பாட்டியின்ர 1-ஆம் நிறமூர்த்தம் முழுசா முட்டைக்குள்ள போகுது எண்டு வைச்சுத்தான் 83 லட்சம் வருது. உண்மையில அப்பிடிப் போறது குறைவு. பிரியிறதுக்கு முதல் ஜோடி ரெண்டும் பக்கத்தில வந்து, நீளத்துக்கு ஒட்டி, துண்டு மாறிக்கொள்ளும். முட்டைக்குள்ள போற 1-ஆம் நிறமூர்த்தத்தில தலைப்பக்கம் தாத்தாவின்ரயாயும் வால்பக்கம் பாட்டியின்ரயாயும் இருக்கும். அந்தச் சேர்க்கை அம்மாவின்ர உடம்பில வேற எந்தக் கலத்திலயும் இருந்ததில்லை.

பிள்ளையளுக்கு நான் முதல் சொல்லுறது இதுதான்: ஒடுக்கற்பிரிவின்ர உயிர் பாதியாகிறதில இல்லை, அதுக்கு முதல் நடக்கிற ஜோடி சேர்றதிலதான் இருக்கு.


நுண்ணோக்கி
செவ்வாய், இரவு 11:20

நான் சென்னையில் குரோமோசோம் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். நிறமூர்த்தம் அண்ணா சொன்ன கடைசி வரியைப் பிடித்துக்கொள்கிறேன்.

என் மகளுக்கு இதைப் பூச்சரத்தை வைத்து விளக்கினேன். டீச்சர், வகுப்பில் செய்து பாருங்கள். மல்லிகைச் சரம் இரண்டு, கனகாம்பரச் சரம் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். நான்கும் ஒரே நீளம், ஒரே எண்ணிக்கை முடிச்சு. மல்லிகை என்பது அம்மாவுக்கு அவருடைய அப்பா வழி வந்த குரோமோசோம். கனகாம்பரம் அவருடைய அம்மா வழி. ஏன் இரண்டிரண்டு? மியாசிஸ் தொடங்கும் முன்பே ஒவ்வொரு குரோமோசோமும் தன்னை நகல் எடுத்துக்கொள்கிறது. அந்த இரண்டு மல்லிகைச் சரமும் சகோதரி குரோமாட்டிட்கள். அவை நடுவில் ஓரிடத்தில் இறுக்கமாகவும், மற்ற நீளம் முழுக்கக் கோஹீசின் என்ற புரத வளையங்களாலும் கட்டப்பட்டிருக்கின்றன.

இப்போது நான்கையும் அருகருகே வைத்து, ஒரு மல்லிகைச் சரத்தையும் ஒரு கனகாம்பரச் சரத்தையும் சரியாக ஒரே முடிச்சில் வெட்டுங்கள். உதாரணமாக 12-ஆம் முடிச்சு. வால்களை மாற்றிக் கட்டுங்கள். ஒரு பூவும் கூடவில்லை, ஒரு பூவும் குறையவில்லை. கையில் இப்போது முழு மல்லிகை, முழு கனகாம்பரம், மல்லிகையில் தொடங்கிக் கனகாம்பரத்தில் முடிவது, கனகாம்பரத்தில் தொடங்கி மல்லிகையில் முடிவது என்று நான்கு சரம் இருக்கும். நான்கும் வேறு வேறு. நான்கும் நான்கு தனிச் செல்களுக்குப் போகும். இதுதான் குறுக்கேற்றம்.

வெட்டுவது யார் என்று பிள்ளைகள் கேட்பார்கள். செல்லே வெட்டுகிறது. ஸ்போ11 என்ற புரதம் டிஎன்ஏவின் இரண்டு இழைகளையும் வேண்டுமென்றே அறுக்கிறது, அதுவும் நூற்றுக்கணக்கான இடங்களில். மற்ற நேரத்தில் இப்படி ஓர் அறுப்பு விழுந்தால் செல் பதறிப்போய்ச் சரிசெய்யும். இங்கே தானே அறுத்துக்கொண்டு, ஒட்டுப்போட மாதிரி வேண்டுமென்று தன் ஜோடியைத் தேடுகிறது. ஜோடியைக் கண்டுபிடிக்கிற வழியே இந்த அறுப்புதான். பெரும்பாலான அறுப்புகள் மாற்றிக் கட்டாமலே ஒட்டப்பட்டுவிடும். சில மட்டும் குறுக்கேற்றமாக முடியும்.

பாடப்புத்தகங்கள் சொல்லாமல் விடுகிற ஒன்று இனிமேல்தான் வருகிறது. வால் மாற்றிக் கட்டிய பிறகு மல்லிகை ஜோடியையும் கனகாம்பர ஜோடியையும் இரண்டு பக்கமும் பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். வராது. மாற்றிக் கட்டிய முடிச்சு அவற்றைப் பிணைத்து வைத்திருக்கும், ஏனென்றால் வால்கள் இன்னும் தங்கள் பழைய சகோதரியோடு ஒட்டிக்கொண்டிருக்கின்றன. செல் பிரியும்போது உருவாகும் கதிர்கோல் இழைகள் செல்லின் இரண்டு துருவத்திலிருந்தும் குரோமோசோம்களை இழுக்கும்போது அந்த விறைப்பை வைத்துத்தான், ஜோடியில் ஒன்று இந்தப் பக்கம், மற்றது அந்தப் பக்கம் சரியாகப் பூட்டப்பட்டிருக்கிறது என்று செல் உணர்கிறது. முடிச்சே விழாத ஜோடி தன் போக்கில் மிதந்து, இரண்டுமே ஒரே பக்கம் போய்விடலாம்.

ஆகவே குறுக்கேற்றம் வகை வகையான பிள்ளைகளைத் தருவதற்காக மட்டும் நடப்பதில்லை. எண்ணிக்கை சரியாகப் பிரியவும் அதே முடிச்சுதான் வேண்டும். ஆண் பழ ஈ போலச் சில உயிர்கள் குறுக்கேற்றம் இல்லாமல் வேறு வழியில் சமாளிக்கின்றன. மனிதனுக்கு அந்த வழி இல்லை.


கணக்கன்
புதன், காலை 7:15

இந்த இழுத்துப் பார்க்கும் விஷயம் எனக்குப் புதிது. நன்றி அக்கா.

அப்படியானால் ஒரு முட்டையிலோ விந்தணுவிலோ மொத்தம் எத்தனை முடிச்சு விழும்? ஆயிரக்கணக்கில் என்றால் தாத்தா பாட்டி சொத்து பொடிப்பொடியாகக் கலந்துவிடுமே.


நிறமூர்த்தம்
புதன், காலை 8:40

அவ்வளவு இல்லைத் தம்பி. விந்து உண்டாகிற ஒடுக்கற்பிரிவில 23 ஜோடிக்கும் சேர்த்துச் சராசரியா 50-ஐ ஒட்டி முடிச்சு, முட்டையில அதைவிடக் கூட. ஒரு முடிச்சில நாலு சரத்தில ரெண்டுதான் மாறுது எண்டதால, கடைசியா ஒரு விந்துக்குள்ள போற 23-இல எண்ணினா ஏறக்குறைய 26 மாறுமிடம்தான், முட்டையில 40-ஐத் தாண்டும். ஒரு நிறமூர்த்தத்துக்கு ஒண்டு ரெண்டு எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ. பொடிப்பொடியா இல்லை, பெரிய பெரிய துண்டாத்தான் வருது.

துண்டு பெரிசா இருக்கிறதாலதான் சகோதரங்களுக்குள்ள ஏற்றத்தாழ்வு வருது. அக்கா தங்கைக்கு நூற்றுக்கு 50 வீதம் பொது எண்டு புத்தகத்தில கிடக்கிறது சராசரி மட்டும்தான். அவுஸ்திரேலியாவில 4,401 சகோதர ஜோடியளை அளந்து 2006-இல வெளியிட்டவை. குறைஞ்ச ஜோடிக்கு 37 வீதம், கூடின ஜோடிக்கு 62 வீதம் வரை வந்தது. ஒரே தாய் தகப்பன், ஒரே வீடு, ஆனா ஒரு ஜோடி மற்ற ஜோடியைவிட அவ்வளவு நெருக்கம்.

ரீச்சர், மூக்குக்குப் பதில் இதிலயே இருக்கு. அந்தப் பிள்ளை பூச்சியம் எண்டு கணக்குப் போட்டது, உண்மை பாதிக்குக் கிட்ட.


மக்காச்சோளம்
புதன், மதியம் 1:05

விவசாயக் கல்லூரியில் மரபியல் படித்தவன். துண்டு மாறுகிறது என்பதை முதலில் நிரூபித்தது மக்காச்சோளத்தில்தான், அதைப் பிள்ளைகளிடம் கட்டாயம் சொல்லுங்கள் டீச்சர்.

1909-இல் பெல்ஜியத்தைச் சேர்ந்த யான்சென்ஸ், ஜோடிக் குரோமோசோம்கள் குறுக்காக முட்டிக்கொண்டு நிற்பதை நுண்ணோக்கியில் பார்த்து, இங்கேதான் துண்டு மாறுகிறது என்றார். பிறகு மரபியல் அறிஞர் மார்கனின் பழ ஈ ஆய்வகத்தில் ஸ்டர்டெவன்ட் என்ற இளைஞர், இரண்டு ஜீன்கள் எவ்வளவு அடிக்கடி பிரிகின்றன என்பதை வைத்தே அவற்றுக்கு இடையே உள்ள தூரத்தைக் கணித்து முதல் ஜீன் வரைபடத்தைப் போட்டார். 1913-இல் அது வெளியானது. ஆனாலும் குரோமோசோம் உண்மையிலேயே துண்டு மாறுகிறது என்று யாரும் கண்ணால் கண்டதில்லை. ஜோடியில் இரண்டும் பார்வைக்கு ஒரே மாதிரி இருந்தால், மாறியது எப்படித் தெரியும்?

கார்னெல் பல்கலைக்கழகத்தில் பார்பரா மெக்ளின்டாக்கிடம் 9-ஆம் குரோமோசோமில் இரண்டு அடையாளம் கொண்ட ஒரு மக்காச்சோளம் இருந்தது. ஒரு முனையில் குமிழ், மறுமுனையில் வேறொரு குரோமோசோமிலிருந்து வந்து ஒட்டிய நீளத் துண்டு. அதன் ஜோடியில் இரண்டும் கிடையாது. அதே குரோமோசோமில் மணிக்கு நிறம் தரும் ஜீனும், மணியின் மாவை மெழுகுத்தன்மை ஆக்கும் ஜீனும் உண்டு. அவரும் ஹாரியட் கிரைட்டன் என்ற மாணவியும் சேர்ந்து கலப்புச் செய்து, மணி மணியாக விதைத்து, செடி செடியாகக் குரோமோசோமைப் பார்த்தார்கள். எந்த மணியில் நிறமும் மெழுகும் பிரிந்து வந்ததோ, அந்தச் செடியில் குமிழும் நீளத் துண்டும்கூடப் பிரிந்திருந்தன. வெளியே தெரிகிற குணமும் உள்ளே தெரிகிற குரோமோசோமும் ஒரே இடத்தில் மாறியிருந்தன. அது வெளியானது 1931-இல். அதே ஆண்டு கர்ட் ஸ்டெர்ன் பழ ஈயில் இதையே காட்டினார். அவர் முந்திக்கொள்ளாதபடி சில வாரம் முன்பே இந்த இரண்டு பெண்களின் கட்டுரை வந்துவிட்டது.

உங்கள் மூன்றாவது பெஞ்சுப் பெண்ணுக்கு இந்தக் கதை பிடிக்கும் என்று நினைக்கிறேன்.


காவிரிக்கரைவாழை
புதன், இரவு 8:30

வணக்கம். நான் தொட்டியம் பக்கம் வாழை போடுறவன். எம் மவன் இந்தப் பேச்செல்லாம் காட்டினான். எங்களுக்கு ஒரு சந்தேகம். ஜோடி சேர்றதுதான் உயிர்னு சொல்றீங்க. பூவன், ரஸ்தாளி, கற்பூரவல்லி எதுவும் விதை வச்சு வர்றதில்ல. பக்கக்கன்ன எடுத்து நட்டே தலைமுறை தலைமுறையா ஓடுது. ஆனா மலையில காட்டுவாழைப் பழத்துல கறுப்பு விதை நிறைஞ்சு கெடக்கும், வாயில வெக்க முடியாது. நம்ம வாழையில ஜோடி சேரலையா?


மக்காச்சோளம்
புதன், இரவு 9:02

ஐயா, நீங்கள் கேட்டதுதான் இந்தப் பேச்சுக்குச் சரியான உதாரணம்.

காட்டுவாழையில் 22 குரோமோசோம், 11 ஜோடி. மியாசிஸ் ஒழுங்காக நடக்கும், விதை வரும். வாழையில் இரண்டு காட்டு முன்னோர்கள் உண்டு, ஆராய்ச்சியாளர்கள் அவற்றை ஏ, பி என்று குறிப்பார்கள். பூவனும் ரஸ்தாளியும் நேந்திரனும் ஏஏபி, கற்பூரவல்லியும் மொந்தனும் ஏபிபி. அதாவது மூன்று தொகுதி, மொத்தம் 33 குரோமோசோம். இரண்டு இருந்தால் ஜோடி சேரும். மூன்று இருந்தால்? இரண்டு சேர்ந்து ஒன்று தனித்து நிற்கும், அல்லது மூன்றும் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். பிரிகிற நேரத்தில் ஒரு பக்கம் ஒன்று, மறுபக்கம் இரண்டு என்று கண்டபடி போகும். மகரந்தமும் சூலும் பெரும்பாலும் வீணாகிவிடும்.


கணக்கன்
புதன், இரவு 9:20

எவ்வளவு வீண் என்று எளிய கணக்காகப் போட்டுப் பார்த்தேன். 11 கூட்டம், ஒவ்வொன்றிலும் மூன்று. ஒரு துருவத்துக்கு ஒவ்வொரு கூட்டத்திலிருந்தும் ஒன்றோ இரண்டோ வரும், சம வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். குறை மிகை இல்லாமல் முழுத்தொகுதி அமைய வேண்டுமானால் பதினொன்றும் ஒன்றாக வர வேண்டும், அல்லது பதினொன்றும் இரண்டாக வர வேண்டும். அதற்கு 1,024-இல் ஒரு வாய்ப்பு. ஏட்டுக் கணக்குதான், வயலில் இன்னும் பல விஷயம் சேரும்.


காவிரிக்கரைவாழை
புதன், இரவு 9:48

கற்பூரவல்லியில எப்பவாச்சும் பல்லுல கல்லு மாதிரி ஒரு விதை மாட்டும். அது அந்த ஆயிரத்துல ஒண்ணுதான் போலருக்கு.


மக்காச்சோளம்
புதன், இரவு 10:10

ஆமாம் ஐயா, நல்ல மகரந்தம் பக்கத்தில் கிடைத்தால் கற்பூரவல்லி விதை பிடிக்கும்.

ஒன்று மட்டும் சேர்க்க வேண்டும். விதை இல்லாததற்கு மூன்று தொகுதி மட்டுமே காரணம் என்று டீச்சர் வகுப்பில் சொல்லிவிட வேண்டாம். நாகர்கோவில் பக்கம் விற்கிற ஞாலிப்பூவன் ஏபி, மட்டி ஏஏ, இரண்டிலும் இரண்டு தொகுதிதான். அவற்றிலும் விதை இல்லை. சூல் கருவுறாமலே காய் பருக்கிற குணம் தனியாக வாழைக்கு உண்டு. அந்தக் குணம் இருந்த செடிகளைத்தான் மனிதர்கள் தேடித் தேடி நட்டார்கள். மூன்று தொகுதி அதற்கு மேல் இன்னொரு பூட்டு.

இதனால் வருகிற ஆபத்து உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பக்கக்கன்று என்பது நகல். தோட்டம் முழுக்க ஒரே குரோமோசோம் தொகுதி. ரஸ்தாளியில் வாடல் நோய் புகுந்தால் ஒரு மரம் தாங்கி ஒரு மரம் சாய்வது கிடையாது, எல்லாமே சாயும். உலகச் சந்தையில் இருந்த குரோ மிஷேல் என்ற ரகத்தை இதே நோய் 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் வணிகத் தோட்டங்களிலிருந்து துடைத்தது. அதற்குப் பதில் வந்த கேவண்டிஷ் ரகத்தை அதே பூஞ்சையின் புதிய வகை இப்போது தாக்குகிறது. திருச்சி தேசிய வாழை ஆராய்ச்சி மையம் மாதிரி இடங்களில் காட்டு ரகங்களைச் சேர்த்து வைப்பதும் கலப்புச் செய்வதும் இதற்காகத்தான். ஜோடி சேர்ந்து கலக்கிற வேலையைச் செடி செய்யவில்லை என்றால் மனிதன் உட்கார்ந்து செய்ய வேண்டியிருக்கிறது.


குட்டியின்அம்மா
வியாழன், இரவு 12:15

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எழுதலாமா என்று யோசித்து யோசித்து இப்போது எழுதுகிறேன்.

என் மகனுக்கு ஆறு வயது. டவுன் சிண்ட்ரோம். அவன் பிறந்தபோது எனக்கு 27 வயது. ஆஸ்பத்திரியில் ஒரு தாளைக் கொடுத்து, ஒரு குரோமோசோம் கூடுதல் என்று இரண்டு நிமிடத்தில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். வீட்டில் ஒவ்வொருவரும் ஒன்று சொன்னார்கள். கிரகணத்தன்று வெளியே போனேனாம், மாடிப்படி ஏறினேனாம், பப்பாளி சாப்பிட்டேனாம். பிறகு நானே தேடிப் படித்தபோது, பெரும்பாலும் தாயின் முட்டையில்தான் நடக்கிறது என்று இருந்தது. அதிலிருந்து எனக்குள் ஒரு முள். நுண்ணோக்கி அக்கா, முடிச்சு விழாத ஜோடி என்று எழுதினீர்களே, அது நான் செய்த எதனாலாவது வருமா?


நுண்ணோக்கி
வியாழன், காலை 6:30

இல்லை அம்மா. நீங்கள் செய்த எதனாலும் இல்லை. முதலில் இதை எடுத்துக்கொள்ளுங்கள், மற்றதை மெதுவாகப் படியுங்கள்.

விந்தணு வளர்ந்து முடிய ஏறக்குறைய 64 முதல் 74 நாள் ஆகும், ஆணுக்கு அந்த வேலை வயதுக்கு வந்த பிறகுதான் தொடங்குகிறது. முட்டை அப்படி இல்லை. உங்கள் மகனுக்கான முட்டையில் ஜோடி சேர்ந்து முடிச்சு விழுந்தது எப்போது தெரியுமா? நீங்கள் உங்கள் அம்மாவின் வயிற்றில் இருந்தபோது. பெண் சிசுவுக்கு ஐந்து மாதம் ஆகும்போது அறுபது எழுபது லட்சம் முட்டைச் செல்கள் இருக்கும். பிறக்கும்போது பத்து முதல் இருபது லட்சம் மிஞ்சும். அவை எல்லாமே மியாசிஸைத் தொடங்கி, ஜோடி சேர்ந்து, துண்டு மாறி, அந்தப் பிணைப்பில் அப்படியே நின்றுவிடும். வயதுக்கு வந்த பிறகு மாதத்துக்கு ஒன்று கண்விழித்து முதல் பிரிவை முடிக்கும். இரண்டாவது பிரிவு விந்தணு உள்ளே வந்தால்தான் முடியும். உங்களுக்கு 27 வயது என்றால் அந்தப் பிணைப்பு ஏறக்குறைய 27 ஆண்டு பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறது.

பிடித்துவைப்பது நான் முன்பு சொன்ன கோஹீசின் வளையங்கள். முட்டை அவற்றைப் பெரிதாகப் புதுப்பிப்பதில்லை. ஆண்டுகள் ஆக ஆகச் சில கழன்றுவிடும். முடிச்சு குரோமோசோமின் நுனியில் விழுந்திருந்தாலும், விழாமலே போயிருந்தாலும் பிணைப்பு இன்னும் பலவீனம். டவுன் சிண்ட்ரோமில் கூடுதலாக இருப்பது 21-ஆம் குரோமோசோம். அது மிகச் சிறியது, அதில் முடிச்சு விழ இடமே கொஞ்சம். தாய்க்கு வயது ஏற ஏற வாய்ப்பு கூடுவதற்குக் காரணம் இதுதான். 35 வயதில் ஏறக்குறைய 350-இல் ஒன்று, 40-இல் 100-இல் ஒன்று. ஆனால் குழந்தை பெறுகிறவர்களில் இளம் தாய்மார்களே அதிகம் என்பதால், டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளில் பலர் உங்களைப் போன்ற இளம் தாய்களுக்குத்தான் பிறக்கிறார்கள். சுமார் பத்தில் ஒரு குழந்தைக்கு அல்லது அதற்கும் குறைவாகக் கூடுதல் குரோமோசோம் தந்தையிடமிருந்து வருகிறது.

கிரகணம் அந்த முடிச்சைத் தொட முடியாது. பப்பாளியும் தொட முடியாது. அந்த முடிச்சு நீங்கள் பிறப்பதற்கு முன்பே போடப்பட்டுவிட்டது.

இன்னொன்று, இது நடைமுறைக்கானது. அந்தத் தாளை எடுத்துப் பாருங்கள். 47, எக்ஸ் ஒய், ப்ளஸ் 21 என்று இருந்தால் தனியாக ஒரு 21 கூடுதல் என்று பொருள், நூற்றில் 95 பேருக்கு அப்படித்தான். மூன்று நான்கு பேருக்கு மட்டும் கூடுதல் 21, பெரும்பாலும் 14-ஆம் குரோமோசோமோடு, ஒட்டிக்கொண்டிருக்கும். அப்போது எண்ணிக்கை 46 என்றே எழுதியிருக்கும், டி (t) என்ற எழுத்தோ ராப் (rob) என்ற சுருக்கமோ இருக்கும். அப்படியானால் அடுத்த குழந்தைக்கு முன் பெற்றோர் இருவரும் ரத்தம் கொடுத்துப் பார்த்துக்கொள்வது நல்லது. தாளில் உள்ளதை ஒரு மரபியல் ஆலோசகரிடம் காட்டி நேரம் எடுத்துப் பேசுங்கள். இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை அது.


குட்டியின்அம்மா
வியாழன், காலை 10:05

47 என்றுதான் இருக்கிறது. எக்ஸ் ஒய், ப்ளஸ் 21. ஆறு வருஷமாகப் பீரோவில் இருந்த தாள், இன்றுதான் படிக்கத் தெரிந்தது. நன்றி அக்கா.

என் அம்மாவிடமும் இதைப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு குட்டியை மடியில் வைத்துக்கொண்டு, "அப்போ இவன் கொஞ்சம் என் வயித்துலயும் இருந்திருக்கான்" என்றார்.


உயிரியல்டீச்சர்
வியாழன், இரவு 7:40

காலையிலிருந்து இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் அம்மாவுக்கு என் வணக்கம் சொல்லுங்கள்.

நுண்ணோக்கி மேடம், ஒரு சின்னக் கேள்வி. மனிதனுக்கு 46 என்று எண்ணியது எப்போது? பழைய புத்தகம் ஒன்றில் 48 என்று பார்த்த ஞாபகம்.


நுண்ணோக்கி
வியாழன், இரவு 8:25

சரியான ஞாபகம். 1923-இல் பெயின்டர் என்ற ஆய்வாளர் 48 என்றார், முப்பது ஆண்டு எல்லோரும் அதையே எழுதினார்கள். குரோமோசோம்கள் ஒன்றன்மேல் ஒன்று குவிந்து கிடந்ததால் எண்ணுவது கடினம். செல்லை உப்புக் குறைந்த நீரில் ஊறவைத்து உப்பச் செய்தால் அவை விலகிப் பரவும் என்று பிறகு தெரிந்தது. 1955 டிசம்பரில் ஸ்வீடனின் லுண்ட் நகரில் ஜோ ஹின் டிஜியோ என்ற ஆய்வாளர் எண்ணிப் பார்த்தார், 46தான் வந்தது. லெவன் என்ற சக ஆய்வாளருடன் சேர்ந்து 1956-இல் வெளியிட்டார். மூன்றே ஆண்டில், 1959-இல், டவுன் சிண்ட்ரோமுக்கு 47 என்று பாரிசிலிருந்து செய்தி வந்தது. 46 சரியாகத் தெரியாமல் 47 தெரிந்திருக்காது.

எண்ணுவதற்குச் செல்லைப் பிரியும் நடுவில் நிறுத்த வேண்டும். அதற்கு டிஜியோ பயன்படுத்தியது கோல்சிசின். கதிர்கோல் இழைகளைக் கட்டவிடாமல் செய்கிற மருந்து. எங்கள் கூடத்திலும் அதன் வழிவந்த ஒன்றைத்தான் சொட்டு விடுகிறோம். நம் செங்காந்தளின், அதாவது கார்த்திகைப் பூச்செடியின், விதையில் இருப்பதும் கோல்சிசின்தான். மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் பந்தல் கட்டிச் செங்காந்தள் வளர்ப்பது அந்த விதைக்காகவே. கார்த்திகைப் பூவைப் படமாகக் காட்டுங்கள் டீச்சர், ஆனால் செடியின் எந்தப் பகுதியும் வாயில் போகக்கூடாது என்றும் சேர்த்துச் சொல்லுங்கள், கடும் விஷம்.


உயிரியல்டீச்சர்
வெள்ளி, மாலை 5:50

வகுப்பு முடிந்தது. பூக்காரம்மாவிடம் சொல்லி நான்கு சரமும் ஒரே எண்ணிக்கையில் கட்டி வாங்கிப் போனேன். கத்தரிக்கோலை அந்தப் பெண் கையிலேயே கொடுத்தேன். 12-ஆம் முடிச்சை எண்ணி எண்ணி வெட்டினாள், வாலை மாற்றிக் கட்டினாள், மற்ற இருவரை இரண்டு பக்கமும் பிடித்து இழுக்கச் சொன்னேன். வராமல் நின்றதும் வகுப்பே அமைதியானது. ஐந்து நிலைகளின் பெயரை அதற்குப் பிறகு சொன்னேன், முதல் முறையாக எதற்கு எந்தப் பெயர் என்று அவர்களே பொருத்தினார்கள்.

தன் கேள்வியில் எங்கே தவறு என்று அவளே எழுந்து சொன்னாள்: "ஒவ்வொரு முட்டையும் புதுசாப் பிரிக்குது மிஸ், மிச்சம்னு ஒண்ணு இல்ல." பிறகு உட்காரவில்லை. அடுத்த கேள்வி கேட்டாள்.

"அப்பாவுக்கு எக்ஸ் ஒண்ணுதான். அதுக்கு ஜோடி ஒய். அது ரெண்டும் ஒரே மாதிரி இல்லையே, எப்படித் துண்டு மாறும்? மாறலைன்னா எனக்கு வந்த எக்ஸும் தங்கச்சிக்கு வந்த எக்ஸும் ஒண்ணுதானே?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். சரியா என்று இங்கே கேட்டுவிட்டுச் சொல்வதாகவும் சொல்லியிருக்கிறேன்.


நிறமூர்த்தம்
வெள்ளி, இரவு 7:12

கெட்டிக்காரப் பிள்ளை. அது சொன்னது கிட்டத்தட்ட முழுக்கச் சரி ரீச்சர்.

எக்ஸும் ஒய்யும் ரெண்டு நுனியில மட்டும் ஒரே மாதிரி. அந்த நுனியில ஜோடி சேர்ந்து, அங்கதான் ஒரு முடிச்சு விழும். அந்த முடிச்சும் வேணும், இல்லாட்டி விந்துக்குள்ள ரெண்டும் சேர்ந்து போயிடும், அல்லது ரெண்டும் போகாது. நுனியைத் தவிர மிச்ச எக்ஸ் முழுக்கக் கலக்காமல் அப்பிடியே மகளுக்குப் போகும். ஒரே தகப்பனுக்குப் பிறந்த எல்லாப் பெண் பிள்ளையளுக்கும் அதே எக்ஸ்தான்.

அந்த எக்ஸ் அப்பாவுக்கு எங்கயிருந்து வந்தது எண்டு கேளுங்கோ. அவற்ற அம்மாவிட்ட இருந்து. அவவின்ர ரெண்டு எக்ஸும் கலந்து கட்டின ஒரு சரம் அது. நீங்கள் அவவை எப்பிடிக் கூப்பிடுவியள், அப்பத்தாவா, அப்பாயியா? நாங்கள் அப்பம்மா எண்டுவம். அப்பம்மாவிட்ட இருந்து அப்பாவுக்கு வந்த அந்தச் சரம் குலையாமல் அக்காவுக்கும் வந்திருக்கு, தங்கச்சிக்கும் வந்திருக்கு.


உயிரியல்டீச்சர்
வெள்ளி, இரவு 7:30

திங்கட்கிழமை அவளிடம் இதைச் சொல்லிவிடுகிறேன். அவளுடைய அப்பத்தா ஊரில் இருக்கிறாராம். மூக்கு யாருடையது என்று அவரைப் பார்த்தால் தெரியும் என்று இன்று போகும்போதே சொல்லிவிட்டுப் போனாள்.